காணொலி ஆசிரியருக்கு மாற்றாகுமா?

புனே வானவடியில் வாழும் ஒரு தொழிலாளியின் மகள், ஃபெயின்மனின் இயற்பியல் விரிவுரைகளை இன்று கைபேசியிலேயே கட்டணமின்றிப் படிக்கலாம். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தில் குவாண்டம் இயங்கியல் வகுப்புகளைக் கேட்கலாம். மக்களின் வரிப்பணத்தில் உருவான இப்பாடங்கள் மக்களின் சொத்து. 1848இல் இதே புனேயில் ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே இணையர் பெண்களுக்குப் பள்ளி திறந்தது, கல்வி அனைவருக்கும் உரியது என்பதை நிலைநாட்டவே. அவ்வகையில் இந்த முன்னேற்றம் வரவேற்கத்தக்கது.

ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் இணையதளம் வழியாகப் பயில அனுமதிக்கின்றன. துணையாக வந்தது மாற்றாக்கப்படும் ஆபத்து இங்கேதான் உள்ளது. பேராசிரியர் பணியிடங்களை நிரப்ப மனமில்லாத அரசுகளுக்கு இது வசதியான சாக்காகிவிடும்.

இயற்பியல் கேட்டு மட்டும் கற்கும் பாடமன்று. நிறமாலைமானியில் கோணத்தை அளந்து, பிழையைக் கணக்கிட்டு, மீண்டும் அளக்க ஆய்வகம் வேண்டும். தவறான விடையின் காரணத்தைக் கண்டு சொல்ல ஆசிரியர் வேண்டும். வசதி படைத்தோர் இவற்றைத் தனியார் கல்லூரிகளில் விலைக்கு வாங்குவர். ஏழை மாணவருக்குக் காணொலி மட்டுமே மிஞ்சும்.

எனவே இலவசப் பாடங்களைக் காப்பதும், நிரந்தர ஆசிரியர், ஆய்வகம், தாய்மொழிப் பாடநூல் ஆகியவற்றுக்காகப் போராடுவதும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள். மாணவர் அமைப்புத் தோழர்கள் தங்கள் பகுதிகளில் வாராந்திரப் படிப்பு வட்டங்களை அமைத்து, இப்பாடங்களைத் தமிழில் கூடி விவாதிப்பதும் அப்போராட்டத்தின் ஓர் அங்கமே.