கூடுமுன் கேட்டோமா?



யோசுவா 22ஆம் அதிகாரத்தை நம் கமிட்டிக் கூட்டங்களில் வாசிக்கக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சபையில் எந்தக் குழுவை நடத்துகிறவரும் அதை வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ரூபன், காத் புத்திரரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் தங்கள் சகோதரருக்காக யுத்தம் செய்து முடித்து, யோசுவாவின் ஆசீர்வாதத்தோடு திரும்பினார்கள். வழியில் யோர்தானண்டையில் பார்வைக்குப் பெரிதான ஒரு பலிபீடத்தைக் கட்டினார்கள். ஏன் கட்டுகிறோம் என்று முன்னதாக ஒருவருக்கும் அறிவித்ததாகத் தெரியவில்லை. செய்தி எட்டியதும் மற்றவர்கள் சீலோவில் கூடினார்கள். விசாரிக்க அல்ல, யுத்தத்துக்குப் புறப்பட.

ஆனாலும் முதலில் பினெகாசையும், கோத்திரத்துக்கு ஒருவராகப் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள். சித்தீமில் ஈட்டியை எடுத்த அதே பினெகாஸ்தான்! அவர்கள் குற்றச்சாட்டோடுதான் பேசத் தொடங்கினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், உங்கள் தேசம் தீட்டானதென்றால் எங்கள் நடுவே வந்து பங்கு பெறுங்கள் என்று தங்கள் சுதந்தரத்தையே பகிர முன்வந்தார்கள். பின்பு பதிலை முழுவதும் கேட்டார்கள். பிற்காலத்தில் உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளுக்குக் கர்த்தரிடத்தில் பங்கில்லை என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தினால் கட்டினோம். இது பலிக்காக அல்ல, சாட்சிக்காக என்பதே அப்பதில். பிரிவினையாகத் தெரிந்த ஒன்று, பிரிந்துவிடக் கூடாதே என்ற ஏக்கமாக இருந்தது.

இப்பகுதியை நான் பிரசங்கித்திருக்கிறேன், கைக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த சபையில் பாடகர் குழுவினர் ஆலய வளாகத்தை விட்டு ஒரு வீட்டில் பயிற்சி செய்யத் தொடங்கினார்கள். தனிக் கூட்டம் உருவாகிறது என்று எண்ணினேன். கமிட்டியில் இரண்டு மணி நேரம் பேசினோம். விளக்கம் கேட்டுக் கடிதமும் அனுப்பினோம். எங்களில் ஒருவரும் அந்த வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. உண்மை இவ்வளவே: ஆர்மோனியம் வாசித்த மூத்த சகோதரருக்கு முழங்கால் வலி. மாடியிலிருந்த பயிற்சி அறைக்கு அவரால் ஏற முடியவில்லை, சொல்லவும் கூச்சம். குழுவினர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மேய்ப்பன் நான். அவர்கள் அச்சமின்றி வந்து சொல்லத்தக்கவனாக நான் இருந்தேனா என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. கடிதம் போனபின் அவர் வாசிக்க வரவில்லை. நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார், மன்னித்தார். ஆர்மோனியத்தை மட்டும் மறுபடி தொடவில்லை.

அதுமுதல், ஒவ்வொரு கமிட்டிக்கும் முந்தின இரவு, பேசவிருக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகளை எழுதுகிறேன்: இதுபற்றி யாரிடம் கேட்டேன்? யாருக்குச் சொன்னேன்? இரண்டிற்கும் பெயர் எழுத முடியாத பொருளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறேன். இதனால் காரியங்கள் தாமதமாகின்றன என்று மூப்பர்கள் சிலர் குறைப்படுகிறார்கள், அது உண்மையே. ஆயினும், ஒரு தாமதத்தை மறுமாதம் சரிசெய்துகொள்ளலாம். அந்தக் கடிதத்தை என்னால் திரும்பப் பெற முடியவில்லை.

ஓய்வுநாள் பாடசாலையின் நேர மாற்றம் ஏன் இன்னும் முடிவாகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர்களில் ஒருவரை மட்டும் நான் இன்னும் சந்திக்கவில்லை. புதன்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போகிறேன்.