"சும்மாதானே இருக்கிறார்"



இரண்டு கிழமைக்கு முன் எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருவருக்கு வேலை போயிற்று. நுண்கடன் தவணைக்காக வாசலில் வந்து நின்று கத்தியவர்களைப் பற்றி முறையிட, கடன்பட்ட பெண்களோடு பிரதேச செயலகத்துக்குப் போனவர் அவர். வேலை செய்த இடத்துக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கோபமாகப் போஸ்ட் போட்டோம். மறுநாளே அவருக்குக் கோல் எடுத்தோம்: "இப்ப ப்ரீதானே, அந்த மகஜரையும் நீங்களே எழுதுங்களேன்."

ஜனாஸா எரிப்புக் காலத்தில் ஒரு தம்பிக்கும் இதைத்தான் செய்தோம். 2020 கடைசியில், முகநூலில் எழுதியதற்காக அவரை வேலையால் நிறுத்தினார்கள். கையெழுத்துச் சேர்ப்பது, மையித்து வீட்டாருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிய பிறகு ஆவணங்களோடு அலைவது, எல்லாம் அவர் தலையில். "சும்மாதானே இருக்கிறார்" என்றோம். அவர் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் போனை நிறுத்திவிட்டு ராத்தா வீட்டுக்குப் போய்விட்டார். ஒன்றரை மாதம் தூக்கமும் ஆற்றங்கரையில் தூண்டிலும்தான். அதற்கு நாங்கள் சொன்னது, "எங்கேயோ காசு வாங்கிட்டார் போல." அல்லாஹ் எங்களை மன்னிக்கட்டும்.

அவர் திரும்பி வந்தார். கிழமையில் இரண்டு நாள் மட்டும். மஃரிபுக்குப் பிறகு போன் எடுப்பதில்லை. எரித்ததற்காக அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். அதற்குள் எங்களில் பலர் அந்தக் கதையையே விட்டிருந்தோம். எங்கள் ஊர்க் குடும்பங்களின் கடிதப் பிரதிகள் ஒரு பைலில் ஒழுங்காக இருந்தது அவரிடம் மட்டும்தான்.

பள்ளியில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்ட சம்பவம் புகாரியில் வருகிறது. ஸைனப் (ரழி) அவர்கள் தொழுது களைத்தால் பிடித்துக்கொள்ள என்றார்கள். அவிழ்த்துவிடச் சொன்னார்கள் நபியவர்கள். உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள். தொழுகைக்கே அப்படி. நாங்களோ மற்றவருக்குக் கயிறு கட்டிக் கொடுக்கிறோம்.

"ஓய்வெடுங்க தங்கச்சி" என்று கொமெண்ட் போடுவது லேசு. (ஆசிரியர்கள் எங்களுக்குத் தவணை விடுமுறையும் உண்டு, அந்த மாதச் சம்பளமும் உண்டு.) வேலை போனவருக்கு மாதக் கடைசியை நினைத்தால் தூக்கம் வராது. அவர் படுக்க வேண்டுமென்றால் அவருடைய வேலையை வேறொருவர் எடுக்க வேண்டும், அடுப்புக்குச் சாமான் போக வேண்டும்.

மகஜரை நாங்கள் மூன்று பேர் எழுதுகிறோம். கையெழுத்துக் கொப்பி இப்போது எங்களிடம் இருக்கிறது. ஞாயிறு அஸருக்குப் பிறகு வாசிகசாலையில் வைத்திருப்போம். மூன்று மாதச் சாமானுக்குப் பங்கு தர விரும்புபவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், பெயர் வெளியில் வராது. நோன்பு வரும்வரை அவருக்குக் கோல் எடுக்காதீர்கள்.