“சாதந்தான் டாக்டர்”

நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது, சிறுநீர் பழுப்பாகப் போகிறது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் “சாதந்தான் டாக்டர்” என்பார்கள். நாமும் கேஸ் ஷீட்டில் ‘வீட்டு உணவு’ என்று எழுதிவிட்டு உண்ணியைத் தேடப் போய்விடுகிறோம். பேபிசியாவும் எர்லிக்கியாவும் மலிந்த ஊரில் அது தவறல்ல. ஆனால் சாதத்தில் எதை ஊற்றிப் பிசைந்தார்கள் என்ற அடுத்த கேள்வி பெரும்பாலும் விட்டுப்போகிறது.

சாதத்தின் மீது பழி இல்லை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் பெருகியிருப்பதை 2013இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. வம்பெல்லாம் குழம்பில்தான். வெங்காயம், பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. கிலோ எடைக்கு நாய்க்கு 15 முதல் 30 கிராம், பூனைக்கு 5 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாற்றம் காட்டப் போதும். 4 கிலோ பூனைக்கு அது 20 கிராம், அதாவது உரித்த சின்ன வெங்காயம் மூன்று நான்கு. “வெங்காயத்தைப் பொறுக்கிட்டுத்தான் போட்டோம்” என்பவர்களிடம், அதன் சாறு குழம்பில் எப்போதோ இறங்கிவிட்டது என்று சொல்லுங்கள். சோகை வெளிப்படச் சில நாட்கள் ஆகும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. நியூ மெத்திலீன் புளூ போட்டு ஒரு ஸ்மியர் பாருங்கள். ஹைன்ஸ் துகள்கள் நிறையத் தெரிந்தால் சமையலறையை விசாரியுங்கள். பூனையானால் பாரசிட்டமால் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

வெங்காயம் நமக்குத் தெரிந்த கதை. புளியைப் பற்றி நாம் பேசவே தொடங்கவில்லை. திராட்சை தின்ற நாய்களின் சிறுநீரகம் கெடுவதற்கு டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்ற கருத்து 2021இல் அமெரிக்காவில் முன்வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, புளி தின்ற நாய்களிலும் அதே பாதிப்பு பதிவானது. புளிச் சதையில் அந்த அமிலம் 8 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். நாள் தவறாமல் புளி கரைக்கிற நாட்டில் இது நம் கவலையாக இருக்க வேண்டாமா? ரசம் நீர்த்தது, புளிக்காய்ச்சல் செறிந்தது. எந்த அளவில் ஆபத்து என்பதற்கு இன்னும் வரையறை இல்லை. ரசம் சாதம் தின்ற ஒவ்வொரு நாயின் உரிமையாளரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் புளிக்காய்ச்சல் கிண்ணத்தை நக்கிக் காலி செய்துவிட்டு வாந்தியெடுக்கும் நாய்க்கு ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். மூன்று நாள் கிரியேட்டினினைப் பாருங்கள். அது ஏறினால், லெப்டோவோடு புளியையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

பிரியாணியில் வெங்காயத்தோடு நெய்யும் எலும்பும் சேர்ந்துகொள்கின்றன. கணைய அழற்சியும் குடலடைப்பும் உங்களுக்குப் புதிதல்ல. தயிர் சாதத்தில் நஞ்சு இல்லை, ஆனால் அதையே தின்று வளரும் பூனைக்கு டாரின் எங்கிருந்து வரும்? அந்தக் குறை இதயத்தசையைத் தளரச் செய்யும் என்பது 1987லேயே தெரிந்துவிட்டது.

தெருநாய்கள் சாம்பார் சாதம் தின்று வாழவில்லையா என்று கேட்பார்கள். வாழ்பவை கண்ணில் படுகின்றன. செத்தவற்றை யார் கணக்கெடுத்தார்கள்?

அதற்காக வீட்டுச் சாப்பாட்டையே நிறுத்தச் சொல்வது சரியல்ல. பாக்கெட் தீவனம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. உப்பு, புளி, வெங்காயம் சேர்க்கும் முன்பே செல்லத்தின் பங்கைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வெந்த கோழியோ முட்டையோ சேரட்டும். பூனைக்கும் குட்டிகளுக்கும் அதுவும் போதாது. டாரின், கால்சியம் கணக்கை நாம்தான் போட்டுத்தர வேண்டும்.

இனி கேஸ் ஷீட்டில் ‘வீட்டு உணவு’ என்பதோடு நிறுத்தாமல் என்ன குழம்பு, எவ்வளவு, எப்போது, விலங்கின் எடை என்ன என்று எழுதுங்கள். புளி தின்று வந்த நாய்களின் பதிவுகள் உங்களிடம் இருந்தால், இரத்தப் பரிசோதனை முடிவுகளுடன் இந்த இதழுக்கு அனுப்புங்கள். தேறிய நாய்களின் பதிவுகளும் தேவை.