பதிவும் அங்கீகாரமும்

தனித்து நிற்கும் நெசவாளருக்கு நூல் வியாபாரி சொல்வதே விலை. தனித்து நிற்கும் விவசாயிக்குத் தரகர் வைப்பதே எடை. இந்த நிலையை மாற்றவே நாம் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக்கொண்டோம். இன்று மத்திய வங்கி கடன் கொடுப்பதும், கோ-ஆப்டெக்ஸ் துணி கொள்முதல் செய்வதும் நமது சங்கத்தோடு பேசியே நடைபெறுகின்றன. "சங்கத்தோடு பேசமாட்டோம், அங்கத்தினர்கள் ஒவ்வொருவராக வரட்டும்" என்று அந்நிறுவனங்கள் கூறுமானால் நாம் அதைப் பொறுத்துக்கொள்வோமா? தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்திற்கு அங்கீகாரம் கோரும்போது எழுவதும் இதே கேள்விதான்.

இது நமக்குத் தொலைவான விஷயம் அன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் தருமபுரி மாவட்டத்துக் குடும்பங்களிலிருந்து ஓசூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் சென்றவர்கள் பலர். வீட்டில் தறியும் நிலமும் சங்கத்தின் துணையோடு நடக்க, ஆலைக்குச் சென்ற பிள்ளை மட்டும் துணையின்றி நிற்பது நியாயமாகுமா?

பாப்பாரப்பட்டியில் வாழ்ந்து 1925-இல் அங்கேயே மறைந்த தியாகி சுப்பிரமணிய சிவாவை நாம் தேசபக்தராகவே பெரிதும் நினைக்கிறோம். அவர் தொழிலாளரின் தோழருமாவார். 1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கோரி வேலைநிறுத்தம் தொடங்கியபோது, வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் அவர்களுக்குத் துணை நின்றவர் சிவா. மார்ச்சு முதல் வாரத்தில் நிர்வாகம் இணங்கி வந்தது. ஆனால் அடுத்த சில நாட்களில் தலைவர்கள் இருவரும் கைது செய்யப்பட்டனர். தொழிலாளர் சங்கத்தைக் காக்கும் சட்டம் ஏதும் அக்காலத்தில் இல்லை. கோபாலபுரத்திலுள்ள நமது கூட்டுறவு சர்க்கரை ஆலை அப்பெரியாரின் பெயரையே தாங்கியிருக்கிறது.

பத்தாண்டுகளுக்குப் பின், 1918 ஏப்ரல் 27-இல், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா அதன் தலைவரானார், திரு. வி. க. அதற்காக உழைத்தார். பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் பொருட்டுப் பேசியதற்காக 1920-இல் வாடியா முதலியோர் மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடரப்பட்டது. உயர்நீதிமன்றம் தடையுத்தரவும் பிறப்பித்தது. சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் எழுந்து, தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் தந்தது பதிவு, அங்கீகாரம் அன்று. பதிவு என்பது சங்கம் இருக்கிறது என்று அரசாங்கம் ஒப்புக்கொள்வது. அங்கீகாரம் என்பது அச்சங்கத்தோடு பேசுவேன் என்று முதலாளி ஒப்புக்கொள்வது. முதலாளி அங்கீகரித்தே தீரவேண்டும் என்று 1947-இல் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியும், அது ஒருபோதும் நடைமுறைக்கு வரவில்லை. 1958-இல் வகுக்கப்பட்ட ஒழுங்குமுறைக் கோட்பாடு அங்கீகாரத்திற்கு விதிகள் கூறியது. எனினும் அது சட்டமன்று, மனச்சாட்சியை நம்பிய ஏற்பாடு.

இந்த இடைவெளியின் விளைவை அண்மையில் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் கண்டோம். சாம்சங் தொழிற்சாலையில் ஏறத்தாழ 1,500 தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-இல் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஊதியத்தோடு அவர்கள் முன்வைத்த முதன்மைக் கோரிக்கை, தங்கள் சங்கம் ஏற்கப்படவேண்டும் என்பதே. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருப்பதை நிர்வாகம் ஆட்சேபித்தது. வேறொரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு செய்ததாகவும் அறிவித்தது. வேலைநிறுத்தம் செய்தோர் அதை ஏற்கவில்லை. 37 நாட்களுக்குப் பின் அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் முடிந்தது. விஷயம் உயர்நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரி 27-இல்தான் சங்கம் பதிவு பெற்றது. ஒரு பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு இத்தனை நாள் கூலி இழப்பும் உற்பத்தி இழப்பும் வேண்டுமா?

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் அமைந்திருக்கிறது. பல சங்கங்கள் இருக்குமிடத்தில் 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்றும், அவ்வாறு ஒன்றும் இல்லையெனில் 20 சதவீதத்திற்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த குழு என்றும் அது விதிக்கிறது. அதன் பிற பகுதிகள், குறிப்பாக வேலைநிறுத்தத்திற்கு முன்னறிவிப்புக் கோரும் விதிகள், தொழிலாளர் அமைப்புகளின் கண்டனத்திற்கு உள்ளாகியிருக்கின்றன. ஆயினும் அங்கீகாரம் முதலாளியின் தயவாக இருந்த நிலை மாறிச் சட்டத்தின் கடமையாக எழுதப்பட்டிருப்பதை நாம் வரவேற்கிறோம்.

வெளியார் புகுந்து தொழிலைக் கெடுப்பர் என்பது பழைய ஆட்சேபணை. வாடியாவும் ஆலைத் தொழிலாளி அல்லர், சிவாவும் அல்லர். வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவன் தனக்காகப் பேச வெளியாரைத் தேடுவது இயல்பே. அச்சம் நீங்கினால் உள்ளிருந்தே தலைவர்கள் எழுவர். அன்றியும், அங்கீகாரம் இரு தரப்பையும் கட்டுப்படுத்துவது. கையெழுத்திட்ட உடன்பாட்டைச் சங்கமும் மீற இயலாது. ஆயிரம் பேரின் மனக்குறையைவிட ஒரு சங்கத்தின் கோரிக்கைப் பத்திரம் நிர்வாகத்திற்கு எளிதன்றோ?

இனி நம்மைப் பற்றிய பேச்சு. கூட்டுறவு ஆலையின் பங்குதாரர் நாம். சங்கத்தின் எழுத்தரும் எடையாளரும் காவலரும் நம்மிடம் சம்பளம் பெறுகிறவர்கள். அங்கே நாமே முதலாளி. அவர்கள் ஒரு சங்கம் அமைத்து நம் முன் வரும்போது, தனித்தனியே வாருங்கள் என்று நாம் கூறினால், நமது சங்கப் பலகையில் எழுதியுள்ள ஒற்றுமை என்ற சொல்லுக்குப் பொருள் இராது. கணக்கைக் காட்டு, தேர்தலை ஒழுங்காக நடத்து, பொதுக்குழுவைக் கூட்டு என்று அச்சங்கத்திடம் நாம் கேட்கலாம்; நம்மிடமும் அதையே பதிவாளர் கேட்கிறார். ஆனால் பேசமாட்டோம் என்று கூறும் உரிமை, கூடி வாழக் கற்ற நமக்கு இல்லை. ஊழியர் சங்கத்தின் கடிதம் வந்தால், அதை மேசையறையில் பூட்டிவைக்காமல் அடுத்த நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் வற்புறுத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.