சிறப்புக் கல்வியில் எண்ணும் எழுத்தும்

எண்ணறிவையும் எழுத்தறிவையும் இரு கண்களாகப் போற்றும் மரபு நம்முடையது. ஆயினும் அவ்விரு கண்களும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே முறையில் திறப்பதில்லை. கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு ஆகியவற்றோடு பள்ளிக்கு வரும் குழந்தைகளின் கையில் எந்நூலை, எக்கருவியைத் தருவது? 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் ஒன்றாயிற்று. சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறைபாடுடைய மாணவர்க்கு 18 வயது வரை நூல்களும் பிற கற்றல் பொருள்களும் கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. தரவேண்டும் என்பது முடிந்த முடிபு. எதைத் தருவது என்பதே நம்முன் உள்ள வினா.

கீழ்வகுப்பு நூல் தீர்வாகுமா?

ஏழாம் வகுப்பு மாணவன் படிக்கத் தடுமாறினால், முதல் வகுப்பு நூலை அவனிடம் கொடுத்து அமைவோர் பலர். இஃது எளிய வழி, ஏற்ற வழியன்று. அணிலும் ஆடும் அவன் வயதுக்குரிய செய்திகள் அல்ல. உடன் பயில்வோர் முன் அந்நூலை விரிக்கவே அவன் கூசுவான். நாளடைவில் பள்ளியையே துறக்கவும் கூடும். சொற்கள் எளியனவாகவும் வரிகள் குறுகியனவாகவும் இருக்கட்டும். பொருள் மட்டும் பந்தாட்டம், மிதிவண்டி, கடைத்தெரு என அவன் உலகினின்று வரவேண்டும்.

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்பு மாணவரையும் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தது. இது வரவேற்கத்தக்கது. எனினும் நிலை வேறு, தடை வேறு. அரும்பு நிலையிலுள்ள இருவருள் ஒருவனுக்கு எழுத்தின் வடிவம் மனத்தில் நில்லாதிருக்கலாம். மற்றொருத்திக்கு ஒலியே சரிவரக் கேளாதிருக்கலாம். இருவர்க்கும் ஒரே பயிற்சித்தாள் எங்ஙனம் பொருந்தும்?

எழுத்துக்குரிய கருவி

ஆங்கிலக் குழந்தைகளுக்கென ஆக்கப்பட்ட கருவிகளை மொழிபெயர்த்துப் பயன்படுத்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 'பி', 'டி' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடவலம் மாற்றிக் காணும் மயக்கம் அக்கருவிகளில் பேரிடம் பெறுகிறது. நம் குழந்தையின் மயக்கம் வேறிடத்தில் உள்ளது. 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் உயிரொலி பின்னர் ஒலிக்க, அதன் குறியோ முன்னர் நிற்கிறது. 'கொ' என்பதில் அக்குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. 'கு', 'சு', 'து' என உகரக் குறி எழுத்துக்கு எழுத்து வேறுபடுகிறது. 'பக்கம்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்றிலும் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கிச் சுமையை ஓரளவு குறைத்தது. உகர, ஊகாரச் சுமை அப்படியே உள்ளது.

ஆதலின், எளிய வடிவுடைய ட, ப, ம ஆகியவற்றில் தொடங்கி, 'படம்', 'மடம்', 'பட்டம்' எனப் பொருளுள்ள சொற்களை உடனே தந்து, ஒருபொழுதில் ஒரு குறியை மட்டும் புகுத்தும் நூலே ஏற்றது. அதனோடு விரலும் பயில வேண்டும். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகள், உரோமில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே அவர் ஆற்றிய பணியில் வேர்கொண்டவை. மணலில் விரலால் எழுதிய நம் திண்ணைப்பள்ளிப் பயிற்சியும் அத்தகையதே.

எண்ணுக்குரிய கருவி

'பதினான்கு' என்னும் பெயரில் பத்தும் நான்கும் எழுதும் வரிசையிலேயே நிற்கின்றன. ஆங்கிலத்தின் 'ஃபோர்ட்டீன்' நான்கை முன்னே சொல்கிறது. எனவே, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குகளையும் தனி ஈர்க்குகளையும் எடுத்துவைத்துப் பெயர் சொல்லச் செய்தால், இடமதிப்பை உணர்த்தத் தமிழே துணைநிற்கும். ஆயின் 90 என்பது 'தொண்ணூறு' என நூறின் ஒலியையும், 900 என்பது 'தொள்ளாயிரம்' என ஆயிரத்தின் ஒலியையும் ஏற்றுள்ளன. தொண்ணூற்றைந்து எனக் கேட்ட குழந்தை மூன்றிலக்கம் எழுதினால் அஃது அறியாமையன்று. தன் செவியை நம்பியதன் விளைவு. இவ்விடத்தில் தனிப்பயிற்சி தராத கணக்கு நூல், படங்களால் எத்துணைப் பொலிவுற்றாலும் குறையுடையதே.

'எஞ்சியவை எத்தனை?' என்னும் வினாவுக்கு விழிக்கும் குழந்தை, 'மீதி எவ்வளவு?' என்றால் விடை கூறிவிடக்கூடும். அங்குத் தடை கழித்தல் அன்று, சொல்லே.

புலன் குறைந்தோர்க்கு

1951-இல் வடிவுபெற்ற பாரதி பிரெய்லில் உயிர்க்குறி ஒலிக்கும் வரிசையிலேயே மெய்யின் பின் வருகிறது. ஆகவே, பார்வையுடையார் பாடநூலின் எழுத்துப் பயிற்சிகளை அப்படியே பிரெய்லில் பெயர்த்துத் தருவது பொருந்தாது. செவித்திறன் குறைந்த குழந்தைக்கு ஒலியை மட்டும் நம்பிய வாசிப்பு நூல் பயன்படாது. சைகையும் படமும் எழுத்தும் இணைந்து வரவேண்டும்.

நிறைவாக

நெருக்கடி மிகுந்த வகுப்பில் ஒவ்வொருவர்க்கும் தனிக்கருவி இயலுமா என ஆசிரியர் வினவுவது நியாயமே. ஈர்க்கும் புளியங்கொட்டையும் மணலும் பொருட்செலவு வேண்டுவன அல்ல. வேண்டுவது தடையைக் கண்டறியும் பொறுமை. அப்பொறுமைக்குரிய நேரத்தையும், சிறப்பாசிரியர் துணையையும் தருவது பள்ளி நிருவாகத்தின் கடமை.

பள்ளிகளை நடத்தும் சமுதாயப் பெரியோர், கருவிகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குவதற்கு முன், ஒரு படியை வாங்கிச் சில வாரம் குழந்தையிடம் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் தடை குறைந்ததா? தானே அதை விரும்பி எடுக்கிறானா? இவ்விரு வினாக்களுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைத்த பின்னரே பொருளைச் செலவிடுங்கள். நாளை ஆசிரியராக விளங்கவிருக்கும் நம் மாணவச் செல்வங்களும் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக! குழந்தையை நூலுக்கேற்ப வளைப்பது கல்வியாகாது. நூலைக் குழந்தைக்கேற்பத் தேர்வதே கல்வி.