டி.எம்.டி. என்ன பரீட்சையா?

"ஏலத்தோட்டத்துல மேடு ஏறி இறங்குறவனுக்கு மெஷின்ல என்னய்யா நடை?"

கம்பம், போடி பக்கம் ஐம்பது வயசுக்காரர் ஒருவருக்கு டாக்டர் டி.எம்.டி. எழுதிக் கொடுத்தால் இப்படித்தான் கேட்பார். கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் போடிமெட்டில் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் ஈ.சி.ஜி. ஓடுவதில்லையே! படுத்திருக்கும்போது எடுக்கிற ஈ.சி.ஜி. நார்மலாகவே இருந்துவிடலாம். ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால், இதயத்துக்கு வேலை கூடும்போதுதான் ரத்தம் பத்தாமல் போவது தெரியவரும்.

நெஞ்சில் எலக்ட்ரோடு ஒட்டுவார்கள் (முடி இருந்தால் ஷேவிங் இலவசம்!). கையில் பி.பி. பட்டை. அமெரிக்க டாக்டர் ராபர்ட் புரூஸ் பெயரில் உள்ள முறைதான் பரவலாக நடக்கிறது. முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றம். அதாவது பத்தடி நடந்தால் ஓரடி மேடு. பிறகு 3 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டுமே கூடும். 220-ல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம்தான் நாடித்துடிப்புக்கு இலக்கு. 50 வயசுக்காரருக்குச் சுமார் 145.

இங்கேதான் நம்ம ஆட்கள் சிலர் கோட்டை விடுகிறார்கள். பாதியில் நின்றால் ஃபெயில் என்று நினைத்து, நெஞ்சு வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பது. ஆடிட்டர் வரும்போது கடன் நோட்டை ஒளித்து வைக்கிற கடைக்காரர் மாதிரி! வலி எந்த நிமிடத்தில் வந்தது என்பதே டாக்டருக்குத் தேவையான தகவல். வலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்லணும். மெஷினை நிறுத்தத்தான் ஆள் நிற்கிறார்.

இன்னொரு கூத்து, ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ்" என்று பார்த்துவிட்டு நல்ல சேதி என்று நினைப்பது. ரத்த ஓட்டத்தில் குறை இருக்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்காக இடிந்துபோகவும் வேண்டாம். பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும், பெண்களுக்கு இன்னும் கூடுதலாக. அடுத்து எக்கோவா, ஆஞ்சியோவா என்று டாக்டர் சொல்வார். நெகட்டிவ் வந்தவரும் பீடியைத் தொடர லைசென்ஸ் கிடைத்ததாக நினைக்கக் கூடாது.

போவதற்கு 2, 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துக்கொள்ளணும். டீ, காபி வேண்டாம். வேட்டி, ரப்பர் செருப்பு சரிவராது. பேன்ட், ஷூ நல்லது. பி.பி. மாத்திரையை நிறுத்தணுமா என்பதை டாக்டரிடமே கேட்கணும்.

நெஞ்சுவலி இப்பவே இருக்கிறதா? அப்போது டி.எம்.டி.யே கூடாது. வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடணும்.