வயலை வயலாகக் காப்பவருக்குக் கூலி வேண்டும்!



நாஞ்சில் நாட்டில் இன்றைக்கு ஒரே வயலுக்கு இரண்டு விலை. நெல் போட்டால் ஒரு விலை, கல் நட்டால் ஒரு விலை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுத்துக் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது. அதே வயலில் மண் அடித்து, சென்ட் கணக்கில் பிளாட் போட்டால் பிள்ளை கல்யாணம் முடிந்துவிடும். இந்த நிலையில் வித்தவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆனால் ஒரு வயல் மேடானால் பக்கத்து வயலுக்குத் தண்ணி பாயாது. பெருமழைக்கு வடியவும் செய்யாது. அவரும் விற்கத்தான் வேண்டிவரும். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும் அதன் சானல்களும் வயலுக்காக வந்தவை. ஊர்க் கிணத்தில் தண்ணி ஊறுவதும் வயலால்தான். சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-ல் உலக ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ரொம்ப சந்தோஷம்! ஆனால் அங்கே வரும் பறவைக்கு இரை கொடுக்கும் வயலைக் காப்பவருக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

களியக்காவிளை தாண்டிப் பாருங்கள். கேரளத்தில் 2008-லேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. 2020-ல், வயலை மாற்றாமல் காக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ‘ராயல்டி’ கொடுக்கத் தொடங்கினார்கள். ஏக்கருக்கு 800 ரூபாய் சொச்சம். உழவுக் கூலிக்கே காணாது. ஆனாலும் வயலைக் காப்பதே ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்று ஓர் அரசு ஒத்துக்கொண்டதே, அதுதான் முக்கியம். அமெரிக்காவில் 1985 முதலே, மண்ணைக் காக்க நிலத்தை ஒதுக்கி வைக்கும் விவசாயிக்கு அரசு வருஷ வாடகை கொடுக்கிறது.

இங்கே என்ன நடந்தது? 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு மட்டும்தான். குமரி மாவட்டம் அதில் இல்லை. “மத்திய அரசு 6,000 ரூபாய் தருகிறதே” என்பார்கள். அது பட்டாதாரருக்கு, தென்னை வைத்தாலும் ரப்பர் வைத்தாலும் கிடைக்கும். கோவில் நிலத்தில் பாட்டம் கட்டி சேற்றில் இறங்குகிறவருக்கு அது கிடையாது.

ஆகவே நாம் கேட்பது:

1. குமரி மாவட்ட நெல்வயல்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும்.
2. இரண்டு பூ நெல் பயிரிடும் வயலுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புத் தொகை வேண்டும். சாகுபடிச் செலவைப் பார்த்து அதை நிர்ணயிக்க வேண்டும்.
3. அந்தத் தொகை பாட்டக்காரர், குத்தகைதாரர் உட்பட உழுகிறவர் கைக்கே வரவேண்டும்.
4. சானல் கடைமடை வரை தூர்வாரி, காலத்தில் தண்ணீர் விடவேண்டும். தண்ணி இல்லாமல் பணம் மட்டும் தந்து வயலைக் காக்க முடியாது.

நாம் இனாம் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் பலன், நட்டம் மட்டும் நமக்கா என்று கேட்கிறோம்.

நவம்பர் 1, 1956-ல் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். கிராம சபை கூடும் நாளும் அதுவே. அன்றைக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் இந்தத் தீர்மானத்தை எழுதி வாங்குவோம். நகலோடு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்குத் திரண்டு போவோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்!